பார்த்துவிட்டேன் என்று சொன்ன காலை

இன்று காலை வேனின் முன்பெட்டியைத் துழாவியபோது, டயர் காற்றை அளக்கும் உன் கேஜ் கையில் அகப்பட்டது. உன் தொழிற்சாலைக் கையுறை ஒன்றுக்குள் அதைச் செருகி வைத்திருந்தாய். கையுறையில் இன்னும் ரப்பர் வாசம் இருந்தது. மகள் நாளை பிள்ளைகளோடு மெர்சிங் கடற்கரைக்குப் போகிறாள். வண்டியைத் தயார்செய்யத்தான் வந்தேன். கை வேலையில் ஓடாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்கூடாய்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் பழுது கண்டுபிடிக்கும் கியூசி வேலை பார்த்தவள் நீ. பழைய வேனில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி வீட்டு வாசலில் நிறுத்தியபோது எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நீ மட்டும் குனிந்து டயரைப் பார்த்தாய். டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு எண்களில் கடைசி இரண்டும் அது தயாரான வருடம் என்று எனக்குச் சொன்னதே நீதான். தொழிற்சாலை பஸ் ஓட்டியே பிழைத்தவன் நான். எனக்கு எவ்வளவு ரோஷம் வந்திருக்கும்!

நம் பயணங்கள் எல்லாமே அரை மணி நேரம் தாமதம்தான். கேஸ் தோம்பு உருளையின் இணைப்பில் பாத்திரம் கழுவும் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பாய். சமைக்கும்போது மழையே பெய்தாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே டயர் காற்றை அளந்து நோட்டில் எழுதுவாய், மாற்று டயரையும் சேர்த்து. "அலமாக், இது வேனா, ஏரோப்பிளேனா?" என்று நான் கத்துவேன். "கடலு எங்கயும் ஓடிப் போயிடாதுங்க" என்பாய். ஆனால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நீ இறங்கி நின்று "வாங்க, வாங்க" என்றால்தான் என் கால் பிரேக்கை விட்டு எழும்.

அந்தக் கடைசிப் பயணம். கீமோ முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மெர்சிங் கடலை இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாய். குனிய உனக்குத் தெம்பில்லை. "டயர் காத்த மட்டும் நீங்க பாத்துருங்க" என்று இருக்கையில் இருந்தபடியே சொன்னாய். வெளியே தூறல். எனக்கு முட்டிவலி. ஈரத்தில் மண்டியிடச் சோம்பல்பட்டு, வண்டியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பாத்துட்டேன்லா" என்றேன்.

கோத்தா திங்கி தாண்டியதும் பின்டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் நின்றது. நமக்கு ஒன்றும் ஆகவில்லை. டயர் மாற்ற வந்த மலாய்க்காரர் கிழிந்த ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அங்கின் குராங், பாங்" என்றார். காற்றுக் குறைவு. நீ தள்ளி மரநிழலில் உட்கார்ந்திருந்தாய். உன்னிடம் வந்து, "டயர் பழசாகிடுச்சாம்" என்றேன்.

டயரின் வயதைக் கணக்கு வைத்திருந்தது நீ. "ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுல வருசத்த பாக்காம விட்டுட்டேங்க. ஒங்கள கொன்னிருப்பேனே" என்று அழுதாய். நான் பெரிய மனுஷன் மாதிரி உன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் நீ வேனில் ஏறவில்லை. "என்ன நம்பி வண்டிய எடுக்காதீங்க" என்றாய். அந்தப் பயணத்திலிருந்து ஐந்தாம் மாதம் போய்விட்டாய். கடலை மறுபடி பார்க்கவே இல்லை.

மத்தியானம் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து மகளும் மருமகனும் வந்தார்கள். டயரைக் காட்டி அவள் அவனிடம், "அம்மாவே ஒரு தடவ வருசத்த பாக்க மறந்துட்டாங்க, தெரியுமா?" என்று சிரித்தாள். நீயே அவளிடம் சொன்னதுதான். நானும் இத்தனை நாள் மறுக்கவில்லை.

"அம்மா மறக்கலம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், மலாய்க்காரர் சொன்னது உட்பட. மருமகன் மெதுவாக வீட்டுக்குள் போய்விட்டான். மகள் திட்டவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிருக்கலாமேப்பா" என்றாள். "சொல்லிருந்தா ஏறிருப்பாங்களே."

ஏறியிருப்பாய். நாலு நாள் என்னைத் திட்டியிருப்பாய், சோறு போடாமல்கூட இருந்திருப்பாய். அடுத்த வாரம் ஏறியிருப்பாய். நோய்தான் உன்னைக் கடல் பார்க்க விடவில்லை என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். நோய் இல்லை, நான்தான். இருக்கிற நாளெல்லாம் இதோடுதான் நான் இருக்க வேண்டும்.