சுலோசனாவின் பிளேட்டு

6 டிசம்பர் 1959, சித்தூர்

இன்னைக்கு வீட்டில் இருந்தவங்க: மகன் தாமோதரன், மருமகள் ருக்மணி, திருப்பதியிலிருந்து வந்த கொழுந்தன் ஆதிநாராயணன், நான். என் மகள் சுலோசனாவும் இருந்தாள், பூஜை மாடத்தில், கண்ணாடி நெகடிவ் பிளேட்டில்.

கொழுந்தனுக்கு சாமி படக் கடை. பிரேமுக்குக் கண்ணாடி போதலையாம். “அண்ணன் ஸ்டுடியோ நெகடிவ் பிளேட்டெல்லாம் சும்மா கெடக்குதே அண்ணி! சலவைச் சோடாவுல ஊறவெச்சுத் தேச்சா மூஞ்சியெல்லாம் வழிஞ்சு போய்டும். அசல் ஜெர்மன் கண்ணாடி!” துன்னுக்கினே சொல்றான். எத்தனை பேர் மூஞ்சி!

“எடுத்துக்கினு போ. மாடத்துல பொட்டு வெச்சதைத் தொட்டா கையை ஒடிப்பேன்.”

அம்மையில் போனவளுக்கு வேறு படம் கிடையாது. காகிதத்தில் போட்டதைச் செல்லு அரிச்சிடுச்சு.

9 டிசம்பர்

போய்ச்சேர்ந்த வீட்டுக்காரர் கேமராவைத் துடைத்தேன். பித்தளைத் தகட்டில் ஹுட்டிக், டிரெஸ்டன்னு ஜெர்மன் கம்பெனி பேர். அவர் சொல்லுவார்: பெரிய கம்பெனி, வேற கம்பெனிகளோட சேர்ந்து இக்கா ஆச்சு, அதுவும் போய் ஜெய்ஸ் ஐகான் ஆச்சுன்னு. கம்பெனி பேர் அழிஞ்சும் அது பிடிச்ச மூஞ்சி இருந்தது. இங்கே தேய்க்கிறதுக்கு ஆள் இருக்குது. தூ.

17 ஜனவரி 1960

கார்வேட்டிநகரம் கல்யாணத்துக்குப் போய் வந்தேன். மாடம் காலி.

“சித்தப்பா ஆளுங்க தெரியாம அள்ளிக்கினு போயிட்டாங்க போல” என்கிறான் தாமோதரன். பொட்டு கூடவா தெரியலை? ஆதிநாராயணன் வாயில் புழு விழ.

1 ஏப்ரல்

தெருவெல்லாம் எல்லைப் பேச்சு. திருத்தணி மெட்ராசுக்குப் போச்சாம், நாம ஆந்திராவிலேயே. எங்கே இருந்தா எனக்கென்ன?

கொழுந்தன் பெருமாள் படம் கொண்டுவந்தான். கண்ணாடி ஓரத்தில் தேயாமல் விட்ட கறுப்பு — பூச்சரம். நெகடிவில் மல்லிப்பூ கறுப்பாத்தான் இருக்கும். சுலோசனா தலையில் அந்தச் சரத்தை வச்சுவிட்டது நான்.

“பாவி! தொடாதேன்னு சொன்னேனே!”

“அய்யோ அண்ணி! நீங்களே குடுத்தீங்கன்னு உங்க புள்ளதானே கொண்டாந்தான்! பிளேட்டுப் பெட்டி நெறைஞ்சா அவனுக்கு என் ஜெய்ஸ் ஐகான் கேமராவைத் தரேன்னேன், வெளையாட்டுக்கு. ஒண்ணு கொறைஞ்சுது.”

ஒண்ணு. கொறைஞ்சுது.

புதுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறான் தாமோதரன். “ஒரு கண்ணாடிதானேம்மா. செத்தவளுக்கு இன்னும் எத்தினி நாளு பொட்டு வெச்சிக்கினு இருப்பே?”

ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

2 ஏப்ரல்

அந்தக் கேமராவில் என்னைப் படம் பிடிக்கணுமாம் மகனுக்கு. முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடிக்கொண்டேன்.

கொழுந்தன் கொண்டாந்த படத்தை மாடத்தில் வைத்தேன். பொட்டு பெருமாளுக்கு இல்லை, அந்த ஓரத்துக்கு.

ஆதிநாராயணனை மன்னிச்சு விட்டேன், அவன் கேட்டுத்தான் எடுத்தான். அம்மை வாரிக்கொடுத்த மாரியாத்தாளையும் விட்டேன். சாகிறவரைக்கும் விடமாட்டேன் ஒருத்தனை.

தாமோதரன்.