நல்ல தண்ணீருக்கு வாய் மூடும் சிப்பி

அக். 8, புதன்

புழுக்கம். வானம் மூடியே கிடக்கிறது, மழை இல்லை. ஏ ஷிப்ட். சுரங்கத்தில் இரண்டாம் வரிசை பம்ப் இன்றும் சூடாகிறது, எழுதிக் கொடுத்தாயிற்று. வாங்க வேண்டியவை: டியூப் லைட், பெருங்காயம், பினாயில்.

வீடு வந்தால் வாசலெல்லாம் சேறு. செல்வியின் தங்கை, என் மச்சினி கலா, கடலோரம் கிள்ளையிலிருந்து வந்திருக்கிறாள். சேத்தியாத்தோப்பு வழி பஸ்ஸில், இரண்டு ஈரச் சாக்கு மூட்டை, ஒரு கேன். மீன் என்று நினைத்து கண்டக்டர் திட்டினானாம். மீன் இல்லை, சிப்பி. அத்தனையும் உயிரோடு.

எதிர் குவார்ட்டர்ஸ் ஜோபிக்காக. பாண்டிச்சேரி ஓட்டலில் சமையல்காரன். நாளை வார லீவில் வருகிறான், நாளை மறுநாள் விடியலில் ஓட்டல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். உயிரோடு போய்ச் சேர்ந்து, தின்கிறவர்களுக்கும் பிடித்துவிட்டால் வாராவாரம் எடுப்பதாகப் பேச்சு. ஏற்பாடு செய்தது செல்வி. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. போகட்டும்.

கலாவின் மகளிர் குழு உப்பங்கழியில் மூங்கில் நட்டு இதை வளர்க்கிறது. பழைய சிப்பி ஓட்டில் துளை போட்டுக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார்களாம். குஞ்சு தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமாம். யார் கொண்டுவந்து விடுவது என்று கேட்டேன். யாரும் இல்லை, தண்ணீரோடு வரும், தூசி அளவுதான் இருக்கும் என்றாள். தீவனம் என்ன என்றேன்.

"ஒண்ணும் போடறதில்ல மாமா. தண்ணி வருது, போவுது. அதுலயே தின்னுக்கினு வளருது."

விதைக்க வேண்டாம், சோறு போட வேண்டாம். நம்பவே முடியவில்லை. முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரிக்கு மருந்தடித்தே ஓய்ந்துபோகிற என் ஷிப்ட் குமாரிடம் சொல்ல வேண்டும்.

யார் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டது:
கேரளா – வேகவைத்த சதை. கொல்லம் பக்கம் வீட்டிலேயே சமைப்பார்களாம்.
கோவா – ரவையில் புரட்டி வறுவல்.
சென்னை பெரிய ஓட்டல் – பச்சையாக, எலுமிச்சை பிழிந்து. உயிரோடு இருந்தால்தான் எடுப்பான்.
நம்ம ஊர் – தின்ன ஆள் இல்லை. ஓடு மட்டும் சுண்ணாம்புக் காளவாய்க்கு.

ஒரே பிராணி. ஓர் ஊரில் விருந்து, ஓர் ஊரில் சுவருக்கு வெள்ளை.

சாயங்காலம் வேடிக்கை காட்டினாள். கேனில் இருந்த கலங்கல் தண்ணீரை பக்கெட்டில் ஊற்றி இரண்டு சிப்பியை உள்ளே போட்டாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் லேசாக வாய் திறந்திருக்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் பக்கெட்டின் அடி தெரிகிறது. அழுக்கையெல்லாம் தின்றுவிட்டுத் தண்ணீரை விட்டுவிட்டன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பம்ப் செக்‌ஷன். எத்தனை மோட்டார், எத்தனை குழாய். இதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. பக்கெட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்வி தட்டைக் கழுவச் சொன்னாள்.


அக். 9, வியாழன்

எனக்கு ஆஃப். வெயில் திரும்பிவிட்டது.

நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மதியம் அக்காவும் தங்கையும் கடைக்குப் போனார்கள். மூட்டை இரண்டும் பின் தாழ்வாரத்தில். சாக்கு காய்ந்துகொண்டு வந்தது. தண்ணீரில் இருக்க வேண்டிய உயிர் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. நேற்று பக்கெட்டில் வாயைத் திறந்து குடித்ததை நானே பார்த்தேன். பெரிய தொட்டியைக் கழுவி, இரண்டு மூட்டையையும் கொட்டி, குழாயைத் திறந்து தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டேன். நம் டவுன்ஷிப் தண்ணீர், பூமிக்கடியிலிருந்து நாங்களே ஏற்றுவது. இதைக் குடித்தவர்கள் வேறு ஊர்த் தண்ணீரைக் குறை சொல்வார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

கலா வந்து பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு வாரி வாரி வெளியே போட்டாள். செல்விதான் என்னைக் கேட்டாள், உங்களை யார் தண்ணி ஊத்தச் சொன்னது என்று. அப்போதுதான் புரிந்தது. கேனில் இருந்தது கழித் தண்ணீர், உப்பு. நான் மோந்துகூடப் பார்க்கவில்லை. ஈரச் சாக்கில் நிழலில் கிடந்தால் அதுபாட்டுக்குச் சில நாள் தாங்குமாம். நல்ல தண்ணீர்தான் எமன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கலா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். உயிர் இருந்தால் கருங்கல் மாதிரி கெட்டிச் சத்தம். செத்தால் பொக்கென்று கேட்குமாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினேன். எல்லாம் கெட்டிச் சத்தம்தான். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. நேற்று பக்கெட்டில் வாய் திறந்திருந்தவை இன்று நகம் நுழைய இடம் இல்லாமல் மூடிக்கிடக்கின்றன.

"நல்ல தண்ணி பட்டதும் மூடிக்கும் மாமா. மழ வெள்ளம் ஆத்துல வரும்போது நாள் கணக்கா மூடிக்கினு கெடக்கும். தாங்குறது தாங்கும். தாங்காதது ஒடனே தெரியாது, அப்பறம்தான் தெரியும்."

கண் இல்லை, மூக்கு இல்லை, தலையே இல்லை. எந்தத் தண்ணீர் தனக்கு ஆகாது என்று மட்டும் தெரிகிறது. நான் தளும்பத் தளும்ப ஊற்றினதில் ஒரு சொட்டு உள்ளே விடவில்லை. பயமாகவும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது.

இப்போதுதான் செல்வி மீதியைச் சொன்னாள். காளவாய்க்காரன் தருவது கயிற்றுச் செலவுக்கே காணாது. மழை வலுக்குமுன் உயிரோடு வாங்க ஆள் கிடைக்காவிட்டால் மூங்கிலைப் பிடுங்கி விற்றுவிட்டு எல்லாரும் இறால் பண்ணைக் கூலிக்குப் போவதென்று குழுவில் முடிவு. வீடு வீடாகப் போய்ப் பேசி, அத்தனை பெண்களையும் இடுப்பளவு சேற்றில் இறக்கினது கலா.

ஜோபி வந்தான். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்று செல்வி கண்ணைக் காட்டினாள். எனக்கும் அதே ஆசைதான். கலா கேட்கவில்லை.

"தம்பி, இதுங்க கொஞ்ச நேரம் நல்ல தண்ணில கெடந்துடுச்சுங்க. சத்தம் நல்லாத்தான் இருக்குது. நீங்களும் தட்டிப் பாத்து எடுத்துக்குங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்தேன். எடுத்துப்போய்ப் பார்க்கிறேன், அடுத்த லீவில் நேரில் வந்து பதில் சொல்கிறேன், நடுவில் போனில் கேட்காதீர்கள் என்றான். கலா ஒரு நிபந்தனை போட்டாள்: தின்றபின் ஓட்டைத் திருப்பித் தர வேண்டும், அதில்தான் அடுத்த குஞ்சு ஒட்டும். எச்சில் ஓட்டையா என்று ஜோபிக்குச் சிரிப்பு. சரி என்றான்.


அக். 10, வெள்ளி

விடியலில் வண்டி போயிற்று. கலாவும் முதல் பஸ்ஸில். கிளம்பும்போது என்னிடம் "வரேன் மாமா" என்றாள், எப்போதும் போல. திட்டியிருந்தால் தேவலை.

ஏ ஷிப்ட். குமாரிடம் எல்லாம் சொன்னேன். "சுண்ணாம்பு சுடுற சிப்பியாண்ணா? அதப் போயி எவன் தின்பான்?" பிறகு யோசித்துவிட்டு, விதையும் இல்லாமல் மருந்தும் இல்லாமலா என்று மூன்று தடவை கேட்டான்.

டியூப் லைட் மாட்டியாயிற்று.


அக். 12, ஞாயிறு

மத்தியானம் தூறல். ஒவ்வொரு சொட்டும் கிள்ளையில் விழுகிற மாதிரியே இருக்கிறது.

செல்வி போனில் பேசினாள். மூங்கில் வாங்குகிறவன் வியாழக்கிழமை வருகிறானாம். குழுவில் பாதிப்பேர் கலாவிடம் பேசுவதில்லை. நான் தண்ணீர் ஊற்றினதை அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை என்றும் தெரிந்தது.

கறிக்குழம்பு. பாதியில் எழுந்துவிட்டேன்.


அக். 14, செவ்வாய்

பம்ப் சரியாகிவிட்டது. பக்கத்தில் நின்று தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இதை உயிர் காக்கிற தண்ணீர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

ஜோபியின் அம்மாவைப் பால் பூத்தில் பார்த்தேன். கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.


அக். 15, புதன்

காலையிலிருந்து மழை, விட்டு விட்டு. ஷிப்ட் முடிந்து வந்தால் கலா வந்து உட்கார்ந்திருக்கிறாள். அங்கே இருக்க முடியவில்லையாம்.

ஜோபி நாளை லீவுக்கு இன்றே வந்துவிட்டான், குடையில்லாமல் நனைந்துகொண்டே. தோளில் சாக்கு. வாசலில் இறக்கி, பிரித்துப் பாருங்கள் என்றான், அவ்வளவுதான். என் கைதான் பிரித்தது. எலுமிச்சை வாசம். உள்ளே முழுக்க ஓடு, கழுவின வெறும் ஓடு. திறக்காமல் ஒதுக்கினது ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை.

"ஒண்ணு வீணாகலக்கா. நீங்க சொன்னதால எல்லாத்தையும் தட்டித் தட்டித்தான் திறந்தேன். அத்தனையும் உயிரோட இருந்துச்சு. மழை வலுக்கிற வரைக்கும் வாரம் ரெண்டு மூட்டை குடுங்க. அப்புறம் தையிலேருந்து."

கலா போனை எடுத்தாள்.

"ஏய், மூங்கில புடுங்காதீங்கடி."

சொல்லிவிட்டு அழுதாள். செல்வியும். நான் ஓடுகளை அள்ளிக்கொண்டு பின் தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் கலா வந்து, மாமா உங்களிடம் டிரில் இருக்கிறதல்லவா, துளை போட்டுக் கொடுங்கள், மழை முடிந்து கழி உப்பேறினதும் கட்ட வேண்டும் என்றாள்.

போட்டுக்கொண்டிருக்கிறேன். உள்பக்கம் என்ன வெள்ளை. இதற்குள் இருந்தவன் என் தண்ணீருக்கு வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நாளையோடு மூங்கில் இல்லை. தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது. கவிழ்த்து வைத்துவிட்டேன்.