கேட்டுச் சோதனை

ஜூன் 15, திங்கள்

காலையிலிருந்து தூறல். தங்கச் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் புழுதி அடங்கியதால் வகுப்பு ஜன்னலைத் திறக்க முடிந்தது. பலப்பம் தீர்ந்துவிட்டது. பள்ளியை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸம்மாவிடம் மறுபடி கேட்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பு மங்கா கணக்கில் மறுபடி தப்பு. மத்தியானம் உட்கார்ந்து திருத்தச் சொன்னேன். மற்றப் பெண்கள் அப்பாமாருக்குச் சோறு கொண்டுபோகத் தூக்குச் சட்டி எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். இவளுக்குச் சந்தோஷம். தண்டனைக்குச் சந்தோஷப்படும் பிள்ளை! எல்லாரும் போனதும் அத்தனை கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜூன் 16, செவ்வாய்

தூறல் நிற்கவில்லை. மங்கா இன்றும் தப்பு, வேண்டுமென்றே. நேற்று சோறு போகாமல் அப்பா பட்டினி, வீட்டில் அடி. கையில் தடம். அப்படியும் தப்பாகவே எழுதுகிறாள்.

"டீச்சர், நாளிக்கும் என்னெ நிறுத்தி வெப்பீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டேன். சிலேட்டை அழித்துக்கொண்டே சொன்னாள். சுரங்கக் கேட்டில் காவல் ஜமாதார், திரும்பி வரும் மற்றப் பிள்ளைகளை வெளியே நிறுத்தி, தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று சோதனை போடுகிறான். இவளை மட்டும் கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துகிறான். அவள் சொன்ன மட்டும் கேட்டுக்கொண்டேன். துருவவில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை.

"வெளிய சொன்னா அப்பா தங்கம் திருடினாருன்னு சொல்லிடுவேன்னாரு."

நீ சொன்னது நல்லது, உன்மேல் ஒரு தப்பும் இல்லை, இனி நீ அங்கே போக வேண்டாம் என்றேன்.

"அப்போ அப்பாவுக்கு சோறு?"

நானே கொண்டுபோனேன். மங்காவின் அப்பாவுக்குக் கேட்டுக்கு உள்ளே கொல்லுப்பட்டறையில் வேலை. ஜமாதார் சலாம் போட்டான். "இன்னா டீச்சரம்மா, நீங்களே வந்துட்டீங்க? உங்களெ சோதனெ போட எனக்கு இங்கிலீஷு வராதே!" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பி.ஏ. படித்தவள். தரையைப் பார்த்தேன்.

ஜூன் 17, புதன்

தலைவலி. மிஸ்ஸம்மாவிடம் சொன்னேன். இங்கிலீஷில் வாக்கியத்தை முன்பே கட்டி வைத்திருந்தும் பாதியில் வார்த்தை விட்டுப்போய்த் தமிழில் முடித்தேன். "சோதனை கம்பெனியின் காரியம். பள்ளிக்கூடம் நடப்பது கம்பெனி கொடுத்த இடத்தில். பிள்ளைகள் கதை கட்டுவார்கள்" என்றார்.

சபைப் போதகரிடமும் சொன்னேன், ஜெபம் பண்ணினார். பண்ணிவிட்டு, பெண் விளையாட்டுக்காரியா என்று கேட்டார்.

பலப்பம் மட்டும் கிடைத்தது.

சாயங்காலம் மங்காவின் அம்மா குப்பம்மாவைப் பார்க்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போனேன். துரை பங்களாவில் தண்ணீர் சுமப்பவள். முதலில் சண்டைக்கு வந்தாள். "டிம்பர் வேலைக்காரர் பொண்ணு நாலு எழுத்து படிச்சிட்டா எங்க வூட்டு கதெ பேசலாமா? நாளிக்கு அவளெ எவன் கட்டுவான்?" என் அப்பா சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுப்பவர் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போக மாட்டேன்னு அழுதா, டீச்சரம்மா. நான்தான் அடிச்சு அனுப்பினேன்."

மங்காவைக் கூப்பிடச் சொன்னேன். குப்பம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு "இனிமே போவாத, இனிமே போவாத" என்றாள். அவ்வளவுதான். அதுதான் வேண்டியிருந்தது.

ஜூன் 19, வெள்ளி

கம்பெனி ஆபீஸ். துரையைப் பார்க்க விடவில்லை. குமாஸ்தா நம் தமிழர்தான். "சோதனெ இல்லேன்னா தங்கம் கால் மொளச்சு நடந்து பூடும், அம்மா."

பெண்களையும் பிள்ளைகளையும் சோதிக்க ஒரு பெண்ணை வைக்கலாமே, கொட்டகைக் கதவைக் கழற்றலாமே என்றேன். பிராது இருக்கிறதா என்றார். துரை முன்னால், ஜமாதாரும் நிற்க, பெண் தானே வாயால் சொல்ல வேண்டுமாம்.

மாட்டேன் என்றேன். சத்தமாகவே வந்தது. "அப்போ நான் இன்னா பண்றது?" என்று பேனாவைத் துடைத்தார். கோலார் கோர்ட்டுக்குப் போனாலும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள் போல. ஜமாதாரை ஒன்றும் செய்ய முடியாது, ஒன்பது வயதுக் குழந்தை அவன் எதிரில் நின்று சொல்கிறவரை. யார் வைத்த முறை இது?

வழியெல்லாம் அழுகை. குடைக் கம்பி ஒடிந்தது.

ஜூன் 23, செவ்வாய்

வெயில். குப்பம்மா நேற்று வீடு வீடாகப் போயிருக்கிறாள். மங்கா பெயரை எடுக்கவில்லை. "கேட்டுல புள்ளைங்களுக்கு மரியாதெ இல்ல, இனிமே அனுப்பாதீங்க" என்று மட்டும். இரண்டு பேர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லையாம், உடனே தலையாட்டினார்களாம். அது எனக்கு நெஞ்சில் குத்துகிறது.

மத்தியானம் பிள்ளைகளுக்குப் பதில் அம்மாமாரே தூக்குச் சட்டிகளோடு போய் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். நானும். ஜமாதார், "உள்ள வாங்கம்மா, களி ஆறிப்பூடும்." குப்பம்மா, "ஆறட்டும். பசிச்சவங்க இங்க வந்து வாங்கிக்கினு போவட்டும்."

பட்டறையில் ஆண்கள் சுத்தியலை வைத்துவிட்டார்கள். பசி. ஃபோர்மேன் துரை வந்து கத்தினார். குமாஸ்தா ஓடி வந்தார். "இன்னா வேணும் இவங்களுக்கு?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இங்கிலீஷில் சொன்னேன்: பெண்களுக்குப் பெண் சோதனைக்காரி, கதவில்லாத கொட்டகை. இந்த முறை கடைசிவரை இங்கிலீஷிலேயே சொல்லி முடித்தேன்.

ஜூன் 26, வெள்ளி

கதவைக் கழற்றிவிட்டார்கள். ஒரு விதவை அம்மாள் சோதனைக்கு. மங்கா வகுப்பில் தூங்குவதில்லை. யாராவது பின்னால் வந்தால் மட்டும் திடுக்கிடுகிறாள். அவள் இடத்தைச் சுவரோரமாக மாற்றினேன், முதுகுக்குப் பின்னால் யாரும் வராதபடி.

குமாஸ்தா பெருமையாகச் சொன்னார்: "ஜமாதாரெ தூக்கிட்டோம், அம்மா. வேற ஷாஃப்ட் கேட்டுக்கு மாத்திட்டாங்க."

வேறு சுரங்கக் குழியின் கேட். அங்கே பிள்ளைகள் இல்லையா? கேட்டேன். "அது நம்ம லைன் இல்லியே" என்றார்.

இதற்காகவா அத்தனை பேர் வெயிலில் உட்கார்ந்தோம்?

ஜூன் 27, சனி

அரை நாள் பள்ளி. குப்பம்மா பங்களாவுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். ஜமாதார் மாறிப்போன ஷாஃப்ட்டின் லைனுக்குப் போனோம்; அங்கே எங்கள் இருவருக்கும் யாரையும் தெரியாது. முதல் வீட்டில், "எங்க புள்ளைங்க ஒழுங்கா வளந்ததுங்க, போங்க." கதவு சாத்தப்பட்டது. இரண்டாவது வீட்டில் சிரித்தார்கள். மூன்றாவது வீட்டுக்காரி குப்பம்மா பேசி முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எங்களைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள், தூக்குச் சட்டியோடு கேட்டுப் பக்கத் திருப்பம்வரை போய்விட்ட தன் மகளின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே.