இரண்டாவது சிலிண்டர்

5-3-84, திங்கள்
பள்ளிபாளையத்துக்குக் கீழே, ஆற்றங்கரை. கடும் வெயில். காற்றே இல்லை.

விவசாயிகள் சிலர் சேர்ந்து போட்ட பம்பு. ஆற்றடியில் இருக்கும் குழாய் வாயை ஏதோ அடைத்து, எட்டு நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. ஆழம் இருபதடி. இறங்குவது அந்தோணி, என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. நேவியில் நானும் இறங்கியவன்தான். காது போனபின் படகோடு சரி.

படகு பத்தடி. அடுக்கியது: ஈய பெல்ட் நடுவில், அடியில். துடுப்புச் செருப்பு, முகக்கண்ணாடி பிளாஸ்டிக் வாளியில். கிரீஸ், எண்ணெய் எதுவும் கிட்டே கூடாது. ஒரு காற்றுச் சிலிண்டர் அவன் முதுகில். இன்னொன்று அவசரத்துக்கு, வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் மாட்டியபடியே ஓரமாக.

"மாமா, கல்யாணப் பந்தி மாதிரி அடுக்கி வெச்சிருக்கீங்க" என்றான்.

துடுப்பு போட முத்துசாமிக் கவுண்டர். அவர் கரும்பும் காய்கிறது. "ஏனுங்க, எத்தன நாளாகுமுங்க?" மூன்று தடவை கேட்டுவிட்டார்.

இன்று பார்த்ததோடு சரி. குழாய் வாயில் பழைய மீன்வலை, மரக்கிளை. படகு ஆடி, ஓரத்துச் சிலிண்டர் உருண்டு என் கால் விரலில். நகம் கறுப்பு. நாளை நன்றாகக் கட்ட வேண்டும்.

6-3-84, செவ்வாய்
காலையில் மேகம், பிறகு வெயில். சிலிண்டரைப் பருத்திக் கயிற்றால் மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. அசையவில்லை. திருப்தி.

பம்பு நிறுத்தியிருப்பதை உறுதி செய்துகொண்டேன். 10.15க்கு இறங்கினான். என் கையில் அவன் இடுப்புக் கயிறு.

11 மணி சுமாருக்கு நான்கு இழுப்பு. நான்கென்றால் ஆபத்து.

வலையில் கால் சிக்கியிருக்க வேண்டும். மூச்சுக் குமிழி குறைந்து வந்தது. சிலிண்டரை அவிழ்க்கப் போனேன். நனைந்த முடிச்சு இறுகிவிட்டிருந்தது. நகம் உள்ளே போகவில்லை. பல்லால் கடித்தேன். கத்தி அந்தோணியிடம், தண்ணீருக்குள்.

"நகருங்க" என்று கவுண்டர் இடுப்பிலிருந்த பாக்குவெட்டும் கத்தியால் அறுத்தார். சிலிண்டரை அந்தோணியின் இடுப்புக் கயிற்றில் கோத்துக் கீழே விட்டேன்.

குமிழி வந்தது. நிறைய.

வலையை அறுத்துக்கொண்டு மேலே வந்தான். வாந்தி. பிறகு சிரித்தான். "நல்லவேளை மாமா, உடனே அனுப்பிட்டீங்க."

"ஆமா" என்றேன்.

கவுண்டர் என்னைப் பார்த்தார். கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினார். கரைக்கு வந்ததும் தனியே அழைத்து, "நானு ஆருகிட்டயும் சொல்லமாட்டனுங்க." இது அவர் பங்குக்கு ஆறுதல். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

சாயங்காலம் இருவரும் பரோட்டா. அவன் நாலு தின்றான்.

7-3-84, சாம்பல் புதன்
கோயிலுக்குப் போக முடியவில்லை. நோன்பு, ஒரு வேளைதான் சாப்பாடு. காலையில் படகில் ஏறுமுன் அந்தோணியிடம் சொன்னேன். உடனே அனுப்பவில்லை, என் முடிச்சு.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷத்துக்கு மேல."

"நாப்பது வரைக்கும் எண்ணினேன். அதுக்கப்புறம் எண்ணல, அக்காவைக் கூப்பிட்டுட்டே இருந்தேன்."

கரையோரமாக நடந்து போனான். திரும்பி ஊருக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். போனால் தடுக்க எனக்கு வாயில்லை.

பிறகு திரும்பி வந்து படகில் ஏறி உட்கார்ந்தான். "இப்பக் கட்டுங்க."

இழுத்தால் அவிழும்படி ஒரே சுருக்காகக் கட்டினேன். கயிற்றைத் தண்ணீரில் நனைக்கச் சொன்னான். அவிழ்த்தான். மறுபடியும் கட்டச் சொன்னான். எட்டுத் தடவை. கடைசி இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டு. கவுண்டர் துடுப்பை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இறங்கினான். மிச்ச வலை, கிளை, ஒரு உரச்சாக்கு. மூன்று முறை போய் வந்தான். கயிற்றிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

2.40க்கு மோட்டார் போட்டார்கள். முதலில் சேறு, பிறகு தண்ணீர். "ஏறுதுங்க சாமி, ஏறுதுங்க!" கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக ஓட்டம். அறுபது வயது இருக்கும்.

சாமான்களை உலர்த்திச் சாக்கில் போட்டோம். சேலம் பஸ் 4.30.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன், அக்காவிடம் யார் சொல்வது என்று.

"நீங்கதான் மாமா. நான் பக்கத்துல நிக்கறேன்."