ஒட்டிக்கு முற்றம் பழக்கியது

பெப். 6, வெள்ளி

காலையில் பனி. குருநகரிலிருந்து கடைசி லோட்டும் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தது. கட்டில் இரண்டு, அலுமாரி, தையல் மெசின், மாதா சுரூபம், பூனை.

வீடு மாறியது என் மனைவி யசிந்தாவுக்காக. பழைய வீட்டின் பின்வளவில்தான் என் கருவாடு காயும் படங்குகள். முப்பது வருடம் அந்த மணத்துக்குள் சமைத்துச் சாப்பிட்ட மனிசி. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு ஒத்துவரவில்லை. நினைத்தாலே சத்தி எடுப்பாள். அவள் வார்ட்டை விட்டு வரும்போது கருவாடு மணக்காத வீடு ஒன்று இருக்கவேண்டும். இங்கே மதில் கட்டிய வளவு, கிணறு, ஒரு மாமரம், பின்னால் றெயில் பாதை. பிழையில்லை.

பூனை அவளுடையது, சாம்பல் நிறம். பெயர் ஒட்டி. ஒரு மீனின் பெயர்; அவள் காலோடு ஒட்டித் திரிவதாலும் வைத்தது. எனக்கும் அதற்கும் கதை பேச்சு இல்லை. கருவாட்டு யாவாரிக்குப் பூனை என்றால் நட்டம். ஆறு வருடத்தில் நான் அதனிடம் சொன்ன ஒரே சொல் "சூ".

சாக்கில் போட்டு, வாய் கட்டி, மூன்று தரம் சுற்றி, ஓட்டோவில் ஏற்றினேன். சுற்றினால் வழி மறக்கும், திரும்பிப் போகாது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. அவிழ்த்ததும் அலுமாரிக்குக் கீழே பாய்ந்தது. பொழுதுபட்டும் வரவில்லை.

பெப். 7, சனி

தெல்லிப்பழை வார்ட். யசிந்தா கஞ்சி மூன்று கரண்டி குடித்தாள். முதல் கேள்வியே பூனை.

"எப்பிடிக் கொண்டந்தனீங்கள்?"

"சாக்கிலை. சுத்தித்தான்."

"சுத்தினனீங்களோ?" கரண்டியைத் தள்ளிவிட்டாள். "அது கள்ளப் பூனையளைக் கொண்டுபோய் விடேக்கையெல்லோ செய்யிறது. தன்னை விட்டிட்டினம் எண்டு நினைக்கப்போகுது உது."

பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. யோசித்தால் சரி. பண்ணைப் பாலத்துக்கு அங்கால் நானே எத்தனை பூனைகளை அப்படி விட்டிருக்கிறேன். வீட்டுப் பூனைக்கும் கை அதே வேலையைச் செய்துவிட்டது.

அவள் சொல்லச் சொல்ல மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதியது:

– முதல்லை ஒரு அறை மட்டும். கதவு சாத்தி.
– என்ரை வீட்டுச் சட்டை ஒண்டு போட்டுவிடுங்கோ, படுக்க.
– வெளியாலை விடுறதெண்டால் பசியோடை விடோணும். சாப்பாடு உள்ளுக்கை.
– சூ சொல்லப்படாது.

பெப். 9, திங்கள்

வெயில். சட்டையின்மேல் சுருண்டு கிடக்கிறது. நான் உள்ளே போனால் எழும்பி அலுமாரிக்குக் கீழே.

அடுத்த வளவு ரீச்சர், பென்சன் எடுத்தவர், சுத்த சைவம். மதிலுக்கு மேலால் தலை.

"தம்பி, பூனை சாப்பிடுதோ? பாலுஞ் சோறும் குழைச்சு வையுங்கோவன்."

"ரீச்சர், அது குருநகர்ப் பூனை."

"அப்ப உங்களைவிட மோசம் எண்டு சொல்லுங்கோ."

சூடை மீன் அவித்து வைத்தேன். அடுப்பு பின்வளவில், கிணற்றுக்கு அங்கால். வீட்டுக்குள் மணம் ஏறவிடக்கூடாது. அவள் எப்போது வருவாள் என்று தெரியாது.

கடையிலிருந்து இரண்டு தரம் போன். கட்டாக் கருவாடு ஈரமாம். திருப்பி அனுப்பச் சொன்னேன்.

பெப். 12, வியாழன்

இன்று கதவைத் திறந்தேன். படிவரை வந்தது. ஒரு கால் சீமெந்தில், மற்றது தூக்கியபடி. காது இரண்டும் பின்னால். அந்த நேரம் பார்த்து றெயில். வளவே அதிர்ந்தது. பூனை எங்கே போனது என்றே காணவில்லை. அலுமாரிக்குக் கீழே இரண்டு கண்.

மறுபடி பின்னேரம். படியில் மூன்று நிமிடம் இருந்தது. நான் கதவு நிலையோடு சாய்ந்து, அசையாமல். முதுகு விறைத்துவிட்டது.

இதைச் சொன்னபோது யசி. சிரித்தாள். "கடையிலையும் நீங்கள் உப்பிடி ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை." அவள் உடம்பில் இரத்தம் காணாதாம், நாளைக்கு ஒரு பைந்து இரத்தம் ஏற்றுவார்களாம்.

பெப். 13, வெள்ளி

பிழை என்னுடையது. காஸ் சிலிண்டர் உருட்டிவர கேற்றைத் திறந்தேன், வீட்டுக் கதவைச் சாத்தவில்லை. தெருநாய் ஒன்று தலையை நீட்டிக் குரைத்தது. ஒட்டி மதிலால் பாய்ந்து போய்விட்டது.

ஒழுங்கை முழுக்கத் தேடினேன். கூப்பிட வேண்டும், ஆனால் வாய் வரவில்லை. பிறகு வெட்கத்தை விட்டு "ஒட்டி, ஒட்டி" என்று கத்திக்கொண்டு நடந்தேன். மூன்றாம் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை சட்டியோடு ஓடி வந்தது.

"அண்ணை, ஒட்டி என்ன விலை?"

"மீனில்லை பிள்ளை. பூனை."

"பூனையோ விக்கிறியள்?"

வெயில் ஏறிவிட்டது. என் குரலுக்கு அது வராது, எனக்குத் தெரியும். அப்போதுதான் போனில் ஒன்று கிடப்பது ஞாபகம் வந்தது. போன வருடம் யசி. கடைக்கு அனுப்பிய வொயிஸ் மெசேஜ். வரும்போது தேசிக்காய் வாங்கிவரச் சொல்கிறாள். நடுவில் விட்டுவிட்டு, "ஒட்டி, வா வா வா, அம்மாட்டை வா" என்று கூப்பிடுகிறாள். சத்தத்தைக் கூட்டி ஒழுங்கையில் நின்று போட்டேன். தேசிக்காயும் சேர்த்து ஊருக்கே கேட்டது.

இரண்டாம் தரம் போடும்போதே ரீச்சர் வீட்டு விறகுக் குவியலிலிருந்து வந்தது. நேராக என்னைத் தாண்டி வீட்டுக்குள் ஓடியது. அறை அறையாகப் போய்க் கத்தியது. குளியலறைக் கதவைப் பிறாண்டியது. போனை நிலத்தில் வைத்தேன். மணந்து பார்த்து, அதற்குப் பின்னால் போய்ப் பார்த்தது. சாப்பிடவில்லை.

பெப். 14, சனி

எல்லாவற்றையும் யசிந்தாவிடம் சொன்னேன். நல்ல வழி கண்டுபிடித்த பெருமையும் கொஞ்சம். சட்டியோடு வந்த பிள்ளையின் கதைக்கு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"இஞ்சருங்கோ. இனி என்ரை குரலைப் போடாதேங்கோ."

"அதுக்குத்தானே வருது."

"வந்து தேடும். பிறகும் போடுவியள், பிறகும் தேடும். உங்கடை குரலைப் பழக்குங்கோ. சட்டையையும் எடுத்துப்போட்டு உங்கடை சறம் ஒண்டை விரிச்சுவிடுங்கோ."

"ரெண்டு கிழமையிலை நீ வந்திடுவாய். அதுக்குள்ளை என்னத்துக்கு?"

"நான் சொல்லுறதைச் செய்யுங்கோவன்."

மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தேன். யாவாரத்தில் மற்றவன் வாய் திறக்க முதல் எனக்கு அவன் மனது விளங்கும். இது விளங்க மல்லாகம் வரை வேண்டியிருந்தது. ஒரு கடை ஓரம் நிறுத்தினேன். சோடா வாங்கினேன், குடிக்கவில்லை.

சட்டையை எடுத்தேன். தோய்க்கவில்லை. பையில் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

பெப். 16, திங்கள்

சறத்தில் படுக்கவில்லை. வெறும் நிலத்தில் படுத்தது. நானும் பக்கத்தில் நிலத்தில் இருந்து பேப்பர் வாசித்தேன், வாய்விட்டு. மரக்கறி விலை, மரண அறிவித்தல் எல்லாம். ஏலம் கூறிப் பழகிய குரல். சத்தம் கூடினால் பூனை திடுக்கிடுகிறது. குறைத்து, குறைத்து, கடைசியில் எனக்கே கேட்காத அளவில் "ஒட்டி, வா" என்றேன். காதை மட்டும் திருப்பியது.

பெப். 17, செவ்வாய்

கையிலிருந்து ஒரு துண்டு மீன் எடுத்தது. நாக்கு அரம் மாதிரி. பிற்பகல் சறத்தின் ஓரத்தில் பாதி உடம்பு.

பெப். 18, விபூதிப் புதன்

காலைப் பூசை. நெற்றியில் சாம்பல். சாமியார் சொன்ன வசனம், மண்ணுக்கே திரும்புவாய் என்பது, வருடாவருடம் கேட்பதுதான்; இன்று தலையை நிமிர்த்த முடியவில்லை.

ரீச்சர் கேற்றடியில் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எங்கடை பக்கம் வந்திட்டியளோ?"

"இண்டைக்கு மட்டும் ரீச்சர்."

தெ.பழை. டொக்டர் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மருந்து ஏற்றவில்லை, உடம்பு தாங்காது. வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்றேன். இப்போதைக்கு அசைக்க ஏலாது, பார்ப்போம் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னார். நல்ல மனிசன். அதை இங்கே எழுதவில்லை.

உள்ளே போனபோது யசி. என் முகத்தைப் பார்த்தாள். டொக்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஒட்டி வெளியாலை போய், உங்கடை குரலுக்குத் திரும்பி வந்துதெண்டால் எனக்கு வந்து சொல்லுங்கோ. எனக்கு அது காணும். பிறகு நான் ஒண்டையும் பற்றி யோசிக்கமாட்டன்."

பெப். 19, வியாழன்

கடைக்குப் போகவில்லை. வார்ட்டில் முழு நேரமும் அவள் நித்திரை. கால் பிடித்துவிட்டேன். நகம் வெட்டினேன்.

பெப். 20, வெள்ளி

பனி விலக முதலே கதவைத் திறந்துவிட்டேன். சாப்பாடு வைக்கவில்லை. படியில் இருந்தது. இறங்கியது. மாமரத்தடி. கிணற்றுக்கட்டு. மதில் ஓரமாக முழு வளவும் மணந்துகொண்டு ஒரு சுற்று. றெயில் வந்தது, வயிறு நிலத்தில் பட அமர்ந்தது, ஓடவில்லை. றெயில் போனபிறகு மதிலில் ஏறி ரீச்சர் பக்கம் குதித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து படியில் இருந்தேன். ஒரே ஒருக்கால், மெதுவாக, "ஒட்டி, வா."

வந்தது. மதிலால் இறங்கி, அவசரமில்லாமல், வாலைத் தூக்கிக்கொண்டு. என் காலில் முகத்தைத் தேய்த்து, பிறகு முதுகை, பிறகு மற்றப் பக்கத்தை. இத்தனை வருடத்தில் முதல் தரம். சாப்பாட்டை உள்ளே வைத்தேன். சாப்பிட்டது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.

மத்தியானம் தெ.பழை. உதடு வெடித்திருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன். கட்டிலோடு ஸ்டூலை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"ஒட்டி வெளியாலை போச்சோ?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன். "படியிலைதான் நிக்குது. என்ரை குரலுக்கு அசையுதில்லை. எனக்கு உது சரிவராது. நீ வந்துதான் பழக்கோணும்."

என்னைப் பார்த்தாள். பிறகு கையை நகர்த்திக் கொண்டுவந்து, என் களிசானில், முழங்காலுக்குக் கிட்ட, ஒட்டியிருந்த சாம்பல் மயிர் இரண்டு மூன்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். விரலுக்கிடையில் வைத்து உருட்டினாள்.

"ஓம்," என்றாள். "நான் வந்து பழக்கிறன்."