நான் கொன்ன கேப்டன்

ஹனீபு உம்மாவுக்கு,

ஏளா, அந்தக் கேப்டனை நான்தான் கொன்னேன்னு பாண்டுப் முழுக்கச் சொல்லணுமா? டிவியில அந்தக் கேப்டனோட வானக்கப்பல் தொடர் முடிஞ்சதும், மீதிக் கதை இங்கிலீஷ் பத்திரிகையில வாராவாரம் படக்கதையா வந்துது. "வாசிச்சுச் சொல்லுங்க"ன்னே. இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு, படத்தைப் பாத்து நானே கதை கட்டுனேன். ஒருநாள் உன்னைச் சீண்டத்தான் "கேப்டன் மௌத்தாயிட்டான்"னேன். நீ அழுது, அவன் பேர்ல பாத்திஹா ஓதி, தாராவிச் சந்து முழுக்க நெய்ச்சோறு குடுத்தே. நானும் ரெண்டு தட்டு தின்னேன்.

மறுவாரப் படத்துல அவன் சிரிச்சுக்கிட்டு நின்னான். சந்தே உன்னைப் பாத்துச் சிரிச்சுது. நீ கோவிச்சுக்கிட்டு, கூடப் பொறந்த லாத்தாவோட பாண்டுப் வீட்டுக்குப் போயிட்டே.

அந்த வீட்டு வாசல்லதான் உக்காந்து எழுதுதேன். இதோ, வெளிய வந்துட்டே. என் மடியில இருந்த புது இதழை எடுத்துக்கிட்டு, இங்கிலீஷ் தெரிஞ்ச பக்கத்து வீட்டுக்காரிகிட்ட போறே. நில்லுளா, இன்னும் மன்னிப்பே கேக்கல

உன் பொய்க்காரப் புருசன்