திருஷ்டிச் சட்டியில் வரைந்த முகம்

4-5-1971, செவ்வாய்

கத்தரிச் செடிகளுக்குத் திருஷ்டிச் சட்டி வைக்கச் சொன்னாள் அம்மா. நேற்று வைத்தேன். சும்மா ஒரு பூத முகம் போட்டுத் தொலைத்திருக்கலாம். பக்கத்து வீட்டுக் கோபால் மாமாவின் முட்டைக் கண்ணையும் தொங்கு மீசையையும் சுண்ணாம்பில் அப்படியே வரைந்தேன். தெருவே வேலியோரம் நின்று சிரித்தது. எங்கள் கிணறு வற்றியதிலிருந்து அவர் கிணற்றில்தான் இறைக்கிறோம். சிரிக்கும்போது அது ஞாபகம் வரவில்லை.

இன்று காலை போனால் கிணற்றில் கயிறும் இல்லை, வாளியும் இல்லை.

“என் மூஞ்சி திருஷ்டிக்கு, என் தண்ணி செடிக்கா? நல்லா கீதுடா” என்றார் மாமா. சட்டியைக் கழுவிக் கொண்டுபோய்க் காட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

கத்தரி வெயிலும் இன்றுதான் தொடக்கம். கத்தரியைக் கத்தரிக்க நான் ஒருவன் போதாதா?

சாயங்காலம் அம்மா ரயிலடிக் குழாயிலிருந்து ஒரு குடம் சுமந்து வந்தாள். பூவிட்ட ஆறு செடிக்கு மட்டும் ஊற்றினாள்.

“நாளைலேர்ந்து நான் தூக்கினு வரேம்மா.”

“எத்தினி நாளைக்கு? சிரிச்சி முடிச்சிட்டல்ல, போய் மிச்சத்தப் புடுங்கு.”

பதினான்கு செடிகள். வேர்களில் மாமாவின் கிணற்று ஈரம் இன்னும் காயவில்லை.